பாதிக் கூரை

ஒக்டோபர் 3, வெள்ளி

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது இவர் கூரைக் கதையை எடுத்தார். போன பங்குனியில் கூரையிலிருந்து பனி ஒரேயடியாகச் சரிந்து எங்கள் படிக்கட்டுக் கைபிடியை முறித்துப் போட்டது. அந்த நேரம் படியில் யாரும் நின்றிருந்தால் முறிந்திருப்பது கைபிடி இல்லை. ஆகவே இந்தமுறை பனி தொடங்க முதல் கூரையில் தடுப்புப் பூட்டிவிட வேண்டும் என்கிறார். இந்த ஊரில் எல்லா வீட்டுக் கூரையிலும் ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே நீட்டுக்கு ஒரு கம்பி ஓடும். பனி சறுக்கி விழாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அது தன்பாட்டில் உருகிப் போகும். நோர்வேஜியனில் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். நான் பனித்தடுப்பு என்று எழுதுகிறேன்.

எங்கள் கூரையில் மட்டும் அது இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து யோசித்ததால் வந்த வினை. பழைய ஓடுகளைக் கழற்றி நீலத் தகரம் போட்டபோது, நல்ல வழுவழுப்பாக இருக்க வேண்டும், எது விழுந்தாலும் நில்லாமல் ஓடிவிட வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினார்கள். யாழ்ப்பாணத்து மாரி மழையை நினைத்துக்கொண்டு நோர்வேயின் வடக்கு மூலையில் கூரை போட்ட மனிதர்கள். பனி நில்லாமல்தான் ஓடுகிறது, நேரே வாசற்படிக்கு.

ஒரு கூரைக்குக் கீழே இரண்டு வீடு. நடுவில் ஒரு சுவர். வாசல்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இவருடைய கூடப்பிறந்த தம்பி குகன், அவன் மனைவி மலர், மகள் ஆரணி. ஒன்றரை வருசமாக எனக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். நன்மை தின்மைக்குப் போக்குவரத்து இல்லை.

கூரை ஒன்றுதானே, குகனோடும் ஒரு வார்த்தை கதைத்தால் என்ன என்று இவர் இழுத்தார். நான் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தேன். கதை அதோடு நின்றது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

சுவருக்கு அங்கால் மீன் குழம்பு. வெந்தயம் கருகிவிட்டது. இருபது வருசமாக மலருக்குச் சொல்கிறேன், அடுப்பைக் குறைத்துவிட்டு வெந்தயத்தைப் போடு என்று. கேட்டால்தானே.

ஒக்டோபர் 11, சனி

சாமான் கடைக்கு நானும் கூடவே போனேன். தனியே விட்டால் இவர் முழுக் கூரைக்கும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

கடைப் பெடியன் கூரையின் நீளத்தைக் கேட்டான். இவர் வாயைத் திறக்க முதல் நான் பாதியைச் சொன்னேன். அவன் இவருடைய போனில் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனான். இது ஒரே கூரை அல்லவா, தடுப்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட வேண்டுமே, பாதியில் விட்டால் பிடித்து நிற்கிற பனி அந்த முனையில் உடைத்துக்கொண்டு வந்துவிடுமே என்றான். அந்தப் பாதி வேறு குடும்பம் என்றேன். அப்படியானால் அவர்களிடம் கேளுங்களேன், அயலவர்தானே என்று சிரித்தான்.

அவனுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. வேலியில் ஒரு பூவரசங் கதியாலை அரைச் சாண் தள்ளி நட்டதற்காகப் பேரப்பிள்ளை காலம்வரை வழக்காடின சனம் நாங்கள். எல்லை போடாவிட்டால் எங்களுக்குச் சோறு செமியாது. இதையெல்லாம் நோர்வேஜியனில் எப்படிச் சொல்வது? பாதி போதும் என்று மட்டும் சொன்னேன்.

வரும் வழியெல்லாம் இவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வந்தார். இவர் கோபப்படும் விதமே அதுதான்.

ஒக்டோபர் 18, சனி

பூட்டியாயிற்று. எங்கள் பாதி.

நல்ல வெயில், காற்றும் இல்லை. இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் புகைக்கூண்டில் சுற்றிக்கொண்டு ஏறினார். தகரத்தின் மடிப்புகளில் முதலில் இரும்புக் கவ்விகளை ஒவ்வொன்றாக இறுக்கி, பிறகு அவற்றின் துளைகளுக்குள்ளால் இரண்டு நீளக் குழாய்களை ஓட்ட வேண்டும். வேலையில் குறை சொல்ல முடியாது. மனிதர் இருபத்தைந்து வருசம் மீன் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தியவர்.

நடுவை அளக்க நூல் கட்டச் சொன்னது நான். உச்சியிலிருந்து இரண்டு வாசலுக்கும் நடுவே வரும்படி நூலை இழுத்துக் கட்டினார். கடைசிக் குழாய் நூலைத் தாண்டி ஒரு சாண் போயிற்று. அவர்களுடைய பக்கம் ஒரு ஆணியும் போகக்கூடாது, வெட்டுங்கோ என்று கீழே நின்று சொன்னேன். வெட்டினார்.

ஏணியைப் பிடிக்கக் குகன் வந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன். அண்ணனும் தம்பியும் மேலும் கீழுமாக நின்று ஏதோ கதைத்துச் சிரித்தார்கள். இவர்கள் கதைப்பதை நிறுத்தியதாக எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. மரக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார இரண்டு கதிரை ஏன் கிடக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

தேத்தண்ணி ஊற்றும்போது பழக்கதோசத்தில் மூன்று கோப்பை எடுத்து வைத்துவிட்டேன். குகனுக்கு மூன்று கரண்டி சீனி. ஊற்றியதைக் கொட்ட மனம் வரவில்லை, நானே குடித்தேன். இந்தச் சீனியைக் குடித்துத்தான் அவனுக்கு இதயக் குழாயில் வளையம் வைக்க நேர்ந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் பனி. ஒட்டவில்லை. எங்கள் பக்கத்தில் தடுப்பு வடிவாக மின்னுகிறது.

நவம்பர் 8, சனி

கடையில் ஆரணியைக் கண்டேன். பால் தட்டுக்கு முன்னால் நின்றாள். என்னைக் கண்டதும் பெரியம்மா என்று ஓடி வந்து, பாதியில் நின்றுவிட்டாள். பதினைந்து வயதாகிறது. என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். தலைமயிரை வெட்டி வைத்திருக்கிறாள். அந்த மயிருக்கு நான் எவ்வளவு நல்லெண்ணெய் வைத்திருப்பேன்.

அவள் பிறந்து ஒரு வருசத்தில் மலர் மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதன் பிறகு குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தன் வீட்டு வாசலுக்குப் போகமாட்டாள், எங்கள் வாசலுக்குத்தான் வருவாள். ஆசிரியை அம்மாவைப் படம் கீறச் சொன்னபோது இரண்டு பெண்களைக் கீறிவிட்டு வந்த பிள்ளை.

அம்மாவுக்கு இருமல், தேன் வாங்க வந்தேன் என்றாள். எந்தத் தேன் நல்லது என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இஞ்சியும் வாங்கு என்றேன். பிறகு சும்மா நின்றோம். அவளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து யன்னல் துணி எல்லாம் கழற்றித் தோய்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இருமல் குறைந்திருக்கிறது. சுவரில் காது வைத்துக் கேட்கவில்லை. கட்டில் சுவரோடு கிடக்கிறது, கேட்கிறது.

நவம்பர் 22, சனி

சூரியன் போய்விட்டது. இனித் தை பிறந்து நடுப்பகுதியில்தான் முகம் காட்டும்.

இன்று தமிழ்ச் சங்கத்தில் ஒன்றுகூடல். பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். அவர்கள் முன்வரிசை, நாங்கள் பின்வரிசை. ஒரு பெண், புதிதாகக் கலியாணம் செய்து இந்த ஊருக்கு வந்தவள், நீங்கள் இரண்டு பேரும் ஏன் கதைப்பதில்லை என்று நேரே கேட்டுவிட்டாள். ஆரணி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் கதிரை ஒழுங்கில்லை, பந்தி பிந்தியது, அதில் வந்த சண்டை என்று சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். சனமும் அதை நம்புகிறது. கதிரைக்குச் சண்டை பிடிக்கிற மனிசி என்று பெயரெடுத்தாலும் பரவாயில்லை.

நவம்பர் 29, சனி

நான்கு நாளாக விடாமல் பனி. வேலைக்குப் போக எழும்பும்போதே எங்கள் படி துப்புரவாக இருக்கிறது. இவருக்குக் காலம் போன காலத்தில் அறிவு வந்திருக்கிறது. இடுப்பு, நாரிப்பிடிப்பு என்று முனகுகிற மனிதர் விடியப்புறம் எழும்பி வழித்துவிட்டு மறுபடியும் போர்த்துக்கொண்டு படுக்கிறார் போலிருக்கிறது. பாராட்டினால் விட்டுவிடுவார் என்று ஒன்றும் சொல்லவில்லை.

டிசெம்பர் 4, வியாழன்

கார்த்திகை விளக்கீடு. பனியில் குழி தோண்டிப் படியின் இரண்டு பக்கமும் சிட்டி விளக்கு வைத்தேன். அந்தப் பக்கமும் வைத்திருக்கிறார்கள். சரியான காற்று, இரண்டு பக்கமும் நூர்ந்துவிட்டது.

டிசெம்பர் 7, ஞாயிறு

இன்று பத்து மணிபோல் அந்தப் பக்கக் கூரையிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. வீடே அதிர்ந்தது. நான் கதவைத் திறந்து பார்த்தேன். அவர்கள் படி மூடுண்டு போய்விட்டது. அப்போதுதான் ஆரணி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கிறாள். தெருவில் பையோடு நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு துளி விழவில்லை. இடுப்பளவுக்கு மேலே ஏறி நிற்கிறது.

டிசெம்பர் 9, செவ்வாய்

இன்று வீட்டில் பெரிய சண்டை. எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

குகன் இவரிடம் கேட்டிருக்கிறான், மிச்சப் பாதிக்கும் தடுப்பைப் பூட்டிவிடலாமா என்று. அவன் ஏறக்கூடாது, டொக்டர் சொல்லிவிட்டார். ஆள் பிடிக்கலாம் என்றால் பனி விழுந்த பிறகு இந்த ஊரில் எவனும் தனி வீட்டுக் கூரைக்கு வரமாட்டான், பெரிய கட்டடங்களுக்கே ஆள் போதாது. இவர் ஏறினால்தான் உண்டு. எங்கள் பனியை வழித்து இறக்கிவிட்டு, வெட்டின முனையிலிருந்து மிச்சத்தை ஓட்டிவிடலாம், ஒரு நாள் வேலை என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? வந்து என் முகத்தைப் பார்க்கிறார்.

நான் சொன்னது இதுதான்.

"அவ வந்து கேக்கட்டும். புருசனைத் தூது விடாமல், என்ர வாசலுக்கு வந்து, வாய் திறந்து கேக்கட்டும். அதுக்குப் பிறகு ஏறுங்கோ."

இவர் கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசத்தில் என்மேல் குரல் உயர்த்தியது இல்லை. இன்று உயர்த்தினார்.

"வேணி, அந்தப் பிள்ளை ரெண்டு அடி பிந்தியிருந்தா என்ன நடந்திருக்கும்? உமக்கு உம்மட வீம்பு பெரிசா, ஆரணி பெரிசா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் கத்தினேன். ஆரணியை வளர்த்தது யார் என்று கேட்டேன். அப்படி வளர்த்தவளை நடுச்சபையில் நிற்க வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அவள் வந்து கேட்காமல் ஒரு ஆணியும் போகாது என்று திரும்பவும் சொன்னேன்.

இவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார்.

அந்தக் கதையையும் இன்று எழுதிவிடுகிறேன். இவ்வளவு நாளும் இந்தக் கொப்பியில்கூட எழுத வாய்க்கவில்லை.

ஆரணிக்கு முதல் ஆலத்தி நான் எடுப்பது என்று மலர்தான் சொல்லி வைத்திருந்தாள். சேலையும் அவளே எனக்கு எடுத்துத் தந்தாள், மாம்பழ நிறம். மண்டபம் நிறைய ஆட்கள். பிள்ளை மணவறையில் இருந்தாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினேன். திரி மூன்றும் எரிந்துகொண்டிருந்தது. அப்போது கனடாவிலிருந்து வந்த மலரின் சித்தி எழும்பி, பிள்ளைப்பாக்கியம் இல்லாத ஆளை முதல் விடுவது சரியில்லை, பிள்ளைக்குக் கூடாது என்றார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

நான் மலரைப் பார்த்தேன். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அவள் குனிந்து ஆரணியின் சேலை மடிப்பைச் சரி பண்ணினாள். யாரோ என் கையிலிருந்து தட்டை வாங்கினார்கள். தட்டை வாங்கியதுகூட மெதுவாகத்தான், மரியாதையாகத்தான். நான் மேடையை விட்டு இறங்கி, சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய், கதிரை ஒழுங்கில்லை என்று சத்தம் போட்டேன்.

டிசெம்பர் 10, புதன்

காற்று திரும்பிவிட்டது. வெக்கையாக, ஈரமாக வருகிறது. மழை பெய்யும் என்கிறார்கள். பனிக்கு மேலே மழை, அது நல்லதில்லை. இவர் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

டிசெம்பர் 11, வியாழன்

காலை ஆறரை மணிக்கு மலர்மேல் கூரைப்பனி விழுந்துவிட்டது. ஆள் தப்பிவிட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இரவு முழுக்க மழை. எங்கள் பக்கத்தில் ஏறி நின்ற பனி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போய், தடுப்பு முடிகிற நடுமுனையில் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கடைப் பெடியன் சொன்னது அச்சொட்டாக நடந்தது.

நான் குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வாசல் முழுக்கப் பனி. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. வெறுங்காலோடு இறங்கிக் கையாலேயே தோண்டினேன். பனி என்று பெயர், கல்லும் தண்ணீரும் கலந்தது மாதிரி. முகத்தை முதலில் வெளியே எடுத்தேன். மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன், எனக்கு நினைவில்லை, ஆரணி சொன்னாள். இவரும் குகனும் ஓடி வந்து மிச்சத்தை வழித்தார்கள். பனி வழிக்கிற சவள் ஒன்று எங்கள் படியிலேயே, அவளுக்குப் பக்கத்தில் புதைந்து கிடந்தது. அது மலர் வீட்டுச் சவள்.

இவரைப் பார்த்தேன். நாள்தோறும் படியை வழித்தது நீங்கள் இல்லையா என்று கேட்டேன். நான் வழிப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அம்புலன்சில் வந்த பெண், நல்ல காலம், உடனேயே முகத்தை வெளியில் எடுத்துவிட்டீர்கள், எப்படி இவ்வளவு கெதியாக வந்தீர்கள் என்று கேட்டாள். குசினி கிட்டத்தான் என்றேன்.

என் விரல் நுனி எல்லாம் வெடித்துப் போயிருக்கிறது. பேனை பிடிக்க நோகிறது.

டிசெம்பர் 12, வெள்ளி

ஆஸ்பத்திரி. காறை எலும்பு முறிந்திருக்கிறது, இரண்டு விலாவில் வெடிப்பு. வேறொன்றும் இல்லை. குகனும் ஆரணியும் உள்ளே போனார்கள். நான் வெளியே நடைக்கூடத்தில் இருந்தேன். வாருங்கோ பெரியம்மா என்று ஆரணி கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

ஆரணி என் பக்கத்தில் இருந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்படியே நித்திரையாகிவிட்டாள். கை விறைத்தது, நான் அசையவில்லை.

டிசெம்பர் 14, ஞாயிறு

மலரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள்.

இவர் யாரையும் கேட்காமல் கூரையில் ஏறினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்தில் மிச்சம் நின்ற பனியை வழித்துத் தள்ளிவிட்டு, கவ்விகளைப் பூட்டத் தொடங்கினார். குகன் ஏணியில். நானும் போய் ஏணியின் மற்றக் காலைப் பிடித்தேன். அண்ணி, உள்ளே போங்கோ, குளிர் என்றான் குகன். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. உனக்கும்தான் குளிர், தொப்பியை இழுத்துவிடு என்றேன்.

வெட்டின இடத்தில் இரண்டு குழாயையும் சேர்க்க, நேற்று மிச்சச் சாமானோடு ஒரு மூட்டும் வாங்க வேண்டி வந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் இந்த மூட்டுத் தேவையில்லை என்று இவர் மேலேயிருந்து சொன்னார். ஓம், நான்தான் வெட்டச் சொன்னேன் என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன்.

டிசெம்பர் 15, திங்கள்

புழுங்கலரிசிக் கஞ்சி வைத்து ஆரணியிடம் கொடுத்துவிட்டேன். சட்டி கழுவித் திரும்பி வந்தது. நான் போகவில்லை.

டிசெம்பர் 17, புதன்

இன்று போனேன்.

பின்னேரம் ஆரணி வந்து, அம்மாவுக்குக் கை தூக்க ஏலாது, தலை சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, எனக்கு இழுக்கப் பயமாக இருக்கிறது என்றாள். சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் எதுவும் மாறவில்லை. திரைச்சேலை மட்டும் புதிது. வடிவில்லை.

மலர் குசினிக் கதிரையில் இருந்தாள். கண் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. வாங்கோ அக்கா என்றாள். நான் பின்னால் போய் நின்று சிக்கெடுக்கத் தொடங்கினேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் நிற்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. ஆரணி கெட்டிக்காரி, பாடம் இருக்கிறது என்று மேலே போய்விட்டாள்.

பாதிச் சிக்கு எடுத்த பிறகு மலர் தன்பாட்டில் சொன்னாள்.

"அண்டைக்கு நான் வாய் திறக்காதது பயத்திலயில்லை அக்கா. சித்தி சொன்னதை ஒரு கணம் நானும் நம்பிட்டன். பிள்ளைக்கு ஏதும் ஆகிடுமோ எண்டு. உங்கட கையில வளர்ந்த பிள்ளைக்கு."

என் கை நின்றுவிட்டது. ஒன்றரை வருசமாக எனக்குள் கிடந்து நொந்தது இதுதான். அவள் வாய் திறக்காததற்காகக் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைக் கொன்றது, அவள் குனிந்த அந்த நேரத்தில் அவள் நெற்றியில் தெரிந்த பயம். அதை நான் கண்டேன். அவளே சொல்வாள் என்று நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு ஆறியிருக்காது.

கண்டனான் என்றேன். பிறகு அழுதேன். அவளும் அழுதாள், விலா நோகும் அழாதே என்று அதட்டினேன்.

அதன் பிறகு நானும் சொல்ல வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை நான் இதில் எழுதியது பொய். நான் குசினியில் நிற்கவில்லை. வாசற்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். படியில் சவள் உரசுகிற சத்தம் கேட்டு, இவர் இன்னும் கட்டிலில் கிடக்கிறாரே என்று வந்து பார்த்தேன். கதவின் மங்கல் கண்ணாடியில் மலரின் உருவம் தெரிந்தது. சவளைச் சுவரில் சாத்திவிட்டுக் கதவுக்கு நேரே வந்து நின்றாள். கேட்க வந்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. என் கை பூட்டில் கிடந்த திறப்பில் இருந்தது. மணி அடிக்கட்டும், அவள் முதலில் மணி அடிக்கட்டும் என்று நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு கதவைத் திறக்கிற நேரத்தை விட எவ்வளவோ அதிகம். பிறகுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது.

இதை அவளுக்குச் சொன்னேன். சீப்பை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் என்னைப் போ என்று சொன்னாலும் போய்விடுவது என்ற நினைப்போடுதான் சொன்னேன்.

மலர் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. நீங்கள் நிண்டது கண்ணாடியில தெரிஞ்சது."

"பிறகேன் மணி அடிக்கேல்லை?"

"நீங்களே திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

 பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் நோகாத கையை நீட்டி என் வெடித்த விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.  தலை பாதி இழுத்தபடியே கிடந்தது.